நாற்காலி ஜெயித்த விவாதம்

முட்டாள்கள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் தொகுதியில் அவர்கள் ஒரு கட்சியே வைத்திருந்தார்கள். பெயர் அனைத்துலக எளியோர் பேரியக்கம். அனைத்துலகமும் ஒரே தெருவில் குடியிருந்தது. தலைவர் எட்டியப்பன். பொதுச்செயலாளர் கொம்பையா. மகளிரணித் தலைவி பேச்சித்தாய். அணியும் அவளேதான்.

தேர்தல் வந்தது. பெரிய கூட்டணி ஒன்று மிச்சமிருந்த ஒரு சீட்டுக்கு ஆள் தேடியது. டிவி விவாதத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்கிறோம், பிடித்தால் சீட்டு, இல்லையென்றால் வீடு என்று எட்டியப்பனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பதினெட்டு வருஷமாகச் சீட்டுக்கு அலைகிற மனுஷன். அன்றே தொண்டைக்கு ஆகாதென்று மோரை விட்டுவிட்டார்.

நிகழ்ச்சி நடத்தும் பெண் விதிகளைச் சொன்னாள். ஆளுக்கு இரண்டு நிமிடம், மாறி மாறி. எதிராளியின் நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது. உங்கள் முறை வந்தால் அவர் சொன்னதற்கு மட்டும் பதில். வேறு கதை கூடாது. எட்டியப்பன் எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

எதிராளியான வக்கீல் வளனரசு வரவில்லை. அவர் நாற்காலியைக் காலியாகவே போட்டு ஆரம்பித்துவிட்டார்கள். முதல் முறை வளனரசுடையது. அவர்தான் இல்லையே, நீங்களே பேசலாம் என்றாள் அந்தப் பெண். எட்டியப்பன் உள்ளங்கையைக் காட்டினார். கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் நாற்காலியைப் பார்த்தபடி இருந்தார். மரியாதையாக.

அடுத்து இவர் முறை. நாற்காலி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததற்கு என்ன பதில்? இவரும் சும்மா இருந்தார். மறுபடி நாற்காலி. மறுபடி இவர். இப்படியே கால் மணி நேரம். தொகுதியே வாயைப் பிளந்து பார்த்தது.

விளம்பர இடைவேளையில் மூவரும் ஒரு மூலையில் கூடினார்கள்.

"பயல் விவரமானவன், தலைவரே," என்றார் கொம்பையா. "வாயத் தொறந்தாத்தான நாம மடக்க முடியும்?"

"அதுக்குத்தான் வராமலே இருக்கானோ?"

பேச்சித்தாய் வெகுநேரம் யோசித்தாள். "அவன் சும்மா இருக்கான். அப்ப சும்மா இருக்கிறதுதான் அவன் கொள்கை. அதுக்குப் பதில் சத்தம், தலைவரே."

இதற்கு மேல் அறிவு அந்தக் கட்சியில் கிடையாது. இடைவேளை முடிந்தது. குடிநீரைப் பற்றிக் கேள்வி. நாற்காலி இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தது. எட்டியப்பன் எழுந்து இரண்டு நிமிடம் 'ஆ' என்று கத்தினார். வார்த்தை ஒன்றுமில்லை. வார்த்தை வந்தால் வேறு கதையாகிவிடும் அல்லவா. கொம்பையா வாட்சைப் பார்த்து, கை காட்டி நிறுத்தினார்.

கடைசியில் நேயர்களைப் போனில் ஓட்டுப் போடச் சொன்னார்கள். நாற்காலிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. பண்பானவர், குறுக்கே பேசவில்லை, பொய் வாக்குறுதி ஒன்றுகூடத் தரவில்லை என்று பாராட்டினார்கள். எங்கள் தொகுதி ஜனங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

கூட்டணி கடுப்பாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் விவாதம், அதுதான் கடைசி வாய்ப்பு என்று செய்தி வந்தது. எட்டியப்பன் இடிந்துபோனார். கட்சி கூடி ஆராய்ந்தது.

"நீங்க போனதுதான் தப்பு, தலைவரே. போகாதவன் ஜெயிச்சிட்டான்."

"அப்ப நான் போகலேன்னா?"

"நீங்க ஜெயிப்பீங்க."

"அவனும் போகலேன்னா?"

கொம்பையா தாடையைத் தடவினார். "அவன விடக் கூடுதலா போகாம இருக்கணும்."

அந்த வாரம் முழுக்க எட்டியப்பன் கூடுதலாகப் போகாமல் இருந்தார். டிவி நிலையம் இருக்கும் திசையில் ஒரு எட்டு வைக்கவில்லை. கடை அந்தப் பக்கம் இருந்ததால் சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை.

ஞாயிறு வந்தது. வளனரசும் போகவில்லை. விளம்பரங்களை வாங்கிப் போட்டாகிவிட்டது, டிவிக்காரர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு காலி நாற்காலிகளையும் மாறி மாறிக் காட்டினார்கள். எட்டியப்பன் வீட்டில் மூவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். நம்முடையது நிமிர்ந்து நிற்கிறது, அவனுடையது கொஞ்சம் சாய்வு என்றார் கொம்பையா. எட்டியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது போன் வந்தது. பேச்சித்தாய் எடுத்தாள். கூட்டணித் தலைவரே பேசினார். அன்றைக்குக் கத்தியது சகிக்கவில்லை, இன்றைக்கு அருமை, வாயே திறக்காத ஆளைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தோம், சீட்டு உங்களுக்குத்தான் என்றார். ஆனால் எட்டியப்பன் வாயால் 'சரி' என்று ஒரு வார்த்தை இப்போதே வர வேண்டும். அதே சீட்டைக் கேட்டு இன்னொருத்தர் மாலையோடு தன் எதிரே நிற்கிறார் என்றார்.

பேச்சித்தாய் விஷயத்தைச் சொல்லிப் போனை நீட்டினாள். எட்டியப்பன் வாங்கவில்லை. கண்ணை எடுக்காமல் டிவியைக் காட்டினார். அங்கே அவருடைய நாற்காலி தெரிந்தது.

"கண்ணு தெரியலையா தாயி? நான் பேசிக்கிட்டிருக்கேன்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திப் போனில் சொன்னாள்.

"தலைவர் இப்ப பேச முடியாதுங்க. டிவியில பேசிக்கிட்டிருக்காரு. நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?"

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.