பூஜ்யம் கிலோ மருந்து

மொட்டையூரணி விவசாயிகள் சங்கத்துக்கு நேர்ந்த அநியாயங்களை வரிசை தப்பாமல் சொல்லியாக வேண்டும். முதலாவது, உர மூட்டையில் இரண்டு கிலோ குறைந்தது. இரண்டாவது, ரேஷன் அரிசியில் முக்கால் கிலோ. மூன்றாவது, கடலை வாங்க வந்த வியாபாரியின் எடைக்கல்லுக்கு அடியில் ஒட்டியிருந்த புளி. அதற்குப் பிறகுதான் தலைவர் சுடலையாண்டி பதினேழு நாள் மறியல் செய்து, சங்கத்துக்கென்று ஒரு மூட்டைத் தராசைப் போராடி வாங்கினார். "நம்ம தராசு காட்டாத எடை, எடையே கிடையாது" என்று தீர்மானமும் போட்டார்.

நாலாவது அநியாயம் ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் வந்தது.

சங்கத்தின் நாலு ஏக்கர் கடலையைக் காட்டுப்பன்றிகள் கிளறித் தின்றுகொண்டிருந்தன. பத்து மனு கொடுத்து உரிமம் வாங்கிய சுடலையாண்டி, டவுனுக்குப் போய்ச் சின்னத் துப்பாக்கி ஒன்றும் ஒரு பெட்டியில் ஐம்பது தோட்டாவும் வாங்கினார். தோட்டா ஒரு கடலைக்காய் அளவுதான் இருந்தது. உள்ளே வெடிமருந்து சரியாக இருக்குமா என்று கேட்டார்.

"பெட்டி மேல போட்ட அளவுதான் அண்ணாச்சி. சந்தேகம்னா எடை போட்டுப் பாருங்க" என்று கடைக்காரர் சிரித்தார்.

சுடலையாண்டி சிரிப்பைக் கவனிக்கவில்லை. சொன்னதைக் கவனித்தார்.

கடலைக்காட்டு ஓரத்துச் சங்கக் கொட்டகையில் அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் கூடியது. வெள்ளக்கண்ணுவும் கூத்தையாவும் வந்திருந்தார்கள்.

"இது புகையில்லா மருந்தாம்" என்றார் சுடலையாண்டி. "பழைய கரிமருந்துலதான் புகை வருமாம்."

"புகை வராட்டி, நாம சுட்டோம்னு பன்னிக்கு எப்படி வே தெரியும்?" என்றான் வெள்ளக்கண்ணு. "புகையையும் சேத்துல்லா எடுத்துக்கிட்டான் பாவி!"

"இன்னொண்ணு கேளு. துப்பாக்கி ஊசி தோட்டாவோட நடுவுல அடிக்காதாம். விளிம்புலதான் அடிக்குமாம்."

கூத்தையா ஒரு தோட்டாவை எடுத்து உருட்டிப் பார்த்தான். "நடுவுல ஒண்ணும் இல்லைன்னாதான தலைவரே ஓரத்துல அடிப்பான்?"

எடை போடுவது என்று முடிவாயிற்று. மேலாக நல்ல சரக்கை வைத்து அடியில் ஏமாற்றுவது வியாபாரிகளின் வழக்கம் என்பதால், ஐம்பதையும் பிரித்தார்கள். மருந்து மொத்தமும் சேர்ந்து ஒரு தேக்கரண்டி தேறவில்லை. அதைக் கொண்டுபோய் மூட்டைத் தராசில் கொட்டினார்கள்.

முள் அசையவில்லை.

"பூஜ்யம்" என்றார் சுடலையாண்டி. "குறைச்சுப் போட்டவனைப் பாத்திருக்கோம். ஒண்ணுமே போடாதவனை இன்னிக்குத்தான் பாக்கோம்."

"தலைவரே, பன்னி வந்திருக்கு. ஏழு" என்றான் வெள்ளக்கண்ணு.

"கூட்டம் முடியட்டும். காத்திருக்கச் சொல்லு."

வெள்ளக்கண்ணு போய்ச் சொல்லிவிட்டு வந்தான். "அதுகளுக்கு ஒண்ணும் அவசரம் இல்லை. தின்னுக்கிட்டுதான் இருக்கு."

"சுட்டுப் பாப்பமா?" என்றான் கூத்தையா.

"எதை வச்சு லே? தோட்டா பூராவும் இப்ப தடயம்."

புகார் எழுத உட்கார்ந்தார்கள். புகார் என்றால் குற்றவாளியின் பெயர் வேண்டும். கூத்தையா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மருந்து இவ்வளவுன்னு இதுல அச்சடிச்சிருக்கு. அப்ப, கடையில இருந்திருக்கு. நம்ம தராசுல இல்லை. வழியிலதான் எவனோ எடுத்திருக்கான். பெட்டியைக் கொண்டுவந்தது யாரு?"

"நாந்தான்" என்றார் சுடலையாண்டி.

"வழியில யாராவது தொட்டாங்களா?"

"தொட விடுவனா?"

கூத்தையா பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தான். முப்பது வருஷத்தில் எந்தத் திருடனுக்கும் பணிந்து போகாதவர் சுடலையாண்டி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தலைவர்னு பாக்கப்படாது. எழுது லே!"

சங்க விதிப்படி, குற்றவாளியின் பெயரை ஒன்பது சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். இருந்தது இரண்டு பேர். அதற்குள் நாலு ஏக்கரையும் முடித்துவிட்ட பன்றிகள் ஏழும் கொட்டகை வாசலில் வந்து நின்றன. கூத்தையா விரல் விட்டு எண்ணி, கணக்கு சரி என்றான்.

சுடலையாண்டி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். காகிதத்தை நீட்டிப் பிடித்து, கடைசிப் பன்றிக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"மருந்துத் திருடன், மொட்டையூரணி மாடசாமி மகன் சுடலையாண்டி... ஒழிக!"