பாதி உருவிய வாள்

முன்னொரு காலத்தில் ஒரு நாடகக் குழுவின் தகரப் பெட்டிக்குள் ஒரு மரவாள் இருந்தது. வெள்ளி வர்ணம் பூசிக்கொண்டு மினுமினுவென்று இருக்கும். மனசு மட்டும் சரியில்லை. ஒவ்வொரு நாடகத்திலும் அது ஓர் அப்பாவியைக் கொல்ல வேண்டியிருந்தது.

கதை அப்படி. ராஜா மகதீரனின் தம்பிக்கு விஷம் வைத்தவன் மந்திரி. முதல் காட்சியிலேயே ராஜாவுக்கு அது தெரிந்துவிடும். வாளைப் பாதி உருவுவார். "வெட்டவா, விடவா?" என்று ஒரு பாட்டுப் பாடுவார். மறுபடி உறைக்குள் தள்ளிவிடுவார். அடுத்த காட்சியில் மந்திரி முத்துமாலையோடு வருவான். ராஜா கழுத்தை நீட்டுவார். அப்புறம் இருவரும் கூடி உட்கார்ந்து விருந்து! கடைசியில், உண்மையை ஊரறியச் சொல்ல வந்த வாயிற்காவலன் பொன்னனை அதே ராஜா வெட்டுவார். பிறகு அழுது புலம்பித் தானும் சாவார். ஜனங்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

"பாதியிலே நிறுத்துறாரு பாரு, அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகுது" என்றது வாள்.

பக்கத்தில் கிடந்த ராஜா கிரீடத்துக்குக் கோபம். "ராஜான்னா நாலையும் யோசிப்பாரு. மரக்கட்டை, உனக்கு என்ன தெரியும்?"

"யோசிக்கட்டுமே! யோசிச்சு முடிக்கறதுக்குள்ளே முத்துமாலை கழுத்துக்கு வந்துடுதே!"

பெட்டியே குலுங்கிச் சிரித்தது. சிரித்த சிரிப்பில் ஒட்டுமீசைக்கு ரெண்டு முடி உதிர்ந்தது.

வாள் உறையிடம் குழைந்தது. "அக்கா, இன்னிக்கு அவரு என்னை உள்ளே தள்ளும்போது மட்டும் கொஞ்சம் இறுக்கிக்கோ. பொன்னன் ஒரு நாளாவது சாகாம இருக்கட்டும்."

"அதுக்கென்ன, இறுக்கிட்டாப் போச்சு" என்றது உறை.

அந்தி மயங்க நாடகம் தொடங்கியது. ராஜா பாதி உருவினார், பாடினார், தள்ளினார். வாள் உள்ளே போகவில்லை. "என்னடா இது!" என்று முனகிக்கொண்டே வெடுக்கென்று இழுத்தார். வாள் முழுசாகத் துள்ளி வந்து, எதிரே நின்ற மந்திரியின் தோளில் டக்கென்று பட்டது.

அந்தக் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடையில் வாள் பட்டுவிட்டால், கதையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பட்டவன் செத்தே ஆக வேண்டும். மந்திரி ராஜாவைப் பார்த்தான், ஜனங்களைப் பார்த்தான், "ஐயோ!" என்று மல்லாந்தான். வேறு வழி?

விசில் கூரையைப் பிய்த்தது. என்ன வாசிப்பதென்று தெரியாமல் மத்தளக்காரர் கல்யாண அடி அடித்தார். சாவதற்காக முகத்தில் மாவு பூசிக்கொண்டிருந்த பொன்னன் எட்டிப் பார்த்தான்.

"அப்போ நான் சாக வேணாமா?"

"வேணாம்!" என்று ஊரே கத்தியது.

அடடா, அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! செத்துக் கிடந்த மந்திரியே கால் கட்டைவிரலால் தாளம் போட்டான். அவன் இடுப்பில் முத்துமாலை முடிச்சு அவிழாமலே இருந்தது.

ராஜாவும் கூடச் சேர்ந்து ஆடி ஓய்ந்தார். கிரீடத்தைக் கழற்றிக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"தினமும் கழுத்தை ஒடிச்சிடுமே, இன்னிக்கு என்ன இவ்வளவு லேசா இருக்கு?"

கிரீடம் வாளைப் பார்த்தது.

"அந்தக் கனம் என்னுது இல்லடா, பாதியிலே நின்னுபோன உன்னுது" என்றது.