கோரைத்துறையில் நூற்றேழு இலைகள்

ஆவணி மூன்றாம் நாள். கோரைத்துறையில் அறுபத்திரண்டு பேர் என்று நேற்று எழுதினேன். பிழை. அறுபத்தொரு பேர்தான். 'ராசாத்திக்கு முந்தாநாள் பிரசவம்' என்று அங்கிருந்து பாய் விற்க வந்தவர்கள் சொன்னதால் அவளையும் சேர்த்துக்கொண்டேன். ராசாத்தி ஓர் ஆடு என்று இன்று தெரிந்தது. குட்டியைச் சேர்க்காதது நல்லதாயிற்று.

இப்படி எழுதிவிட்டு எழுத்தாணியைக் கீழே வைத்தான் சாத்தப்பன். அரசர் தும்மினாலும் அது ஆணையாகிவிடுகிற காலம் ஒன்று முன்பு இருந்தது. அந்தக் காலத்து அரசவை ஒன்றில் அவன் விகடகவி. கோரைத்துறையில் பிறந்தவன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தோணி ஏறி வந்தவன், திரும்பிப் போகவே இல்லை. அரசர் விட்டால்தானே? பாய் விற்க வந்தவர்கள் அவன் ஊரைவிட்டு வந்தபோது சிறு பிள்ளைகள். அவர்களுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. தன் பெயரைச் சொல்லி வீட்டாரைப் பற்றிக் கேட்க அவனுக்கும் துணிவு வரவில்லை.

மறுநாள் அவையில் அரசர் ஊர்ப்பெயர் ஏட்டைத் தூக்கிப் போட்டார்.

"புரட்டிப் புரட்டி விரல் வலிக்கிறது! நூறு பேர்கூட இல்லாததெல்லாம் ஓர் ஊரா? அவற்றின் பெயர்களை அடித்துவிடுங்கள்."

பெருங்கணக்கர் மாறநம்பி உடனே எழுந்தார். விகடகவிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு சிரிப்பும் அவருக்கு வயிற்றுவலி.

"அரசே, கோரைத்துறையிலிருந்தே தொடங்கலாம். நம் விகடகவியின் ஊர்தான். அந்தக் கரை யானைகள் குளிக்க வசதியாக இருக்கும். அங்கிருப்பவர்களைக் கல்லுடைக்க மலையடிவாரத்துக்கு அனுப்பிவிடலாம்."

அவை சிரித்தது. என்றாவது ஒருநாள் போகலாம் என்று சாத்தப்பன் பன்னிரண்டு ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த இடம் அது ஒன்றுதான்.

"ஆகட்டும் அரசே, தலைகளை எண்ணிவிடுவோம்" என்றான். "ஒரே விண்ணப்பம். இலைகளை எண்ண வேண்டாம்."

"எந்த இலைகளை?"

"மாலையில் சோறு போடுகிற இலைகளை. ஆற்றுமக்கள் ஓரிடத்தில் நிற்கமாட்டார்கள். தலையை எண்ணினால், ஒருவரே குடிசையைச் சுற்றி ஓடிவந்து இரண்டு முறை நின்றுவிடலாம். இலையை எண்ணினால் அந்த வசதி போய்விடுமே!"

"கேட்டீர்களா அரசே! தாமாகவே உளறிவிட்டார்" என்று மாறநம்பி தொடையைத் தட்டினார். அங்கேயே, தம் கையாலேயே ஆணையை எழுதினார்: 'மாலையில் சோறிட்ட இலை ஒன்றுக்கு ஆள் ஒருவர்.' அரசர் முத்திரை வைத்தார்.

சாத்தப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். பாதி நடிப்பு. மறுபாதி உண்மையான பயம். அந்த வழக்கம் இன்னும் இருக்கிறதா?

ஏழு தலைமுறைக்கு முன் வெள்ளத்தில் ஒதுங்கிய மூன்று தோணிகள்தான் கோரைத்துறை. கரையில் விளையும் கோரைக்கு அறுபது எழுபது பேரைத்தான் காப்பாற்ற முடியும். அதற்குமேல் பிறந்தவர்கள் தோணி ஏறிப் போய்விடுவார்கள். போனவரின் சாவுச் சேதி வரும்வரை, தினமும் மாலையில் அவருக்கும் ஓர் இலை விழும். வீட்டார் சாப்பிட்டு முடித்ததும் அந்தச் சோறு ஆற்று மீனுக்கு.

எண்ணி முடித்ததும் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி, மாறநம்பியோடு சாத்தப்பனையும் அரசர் அனுப்பினார். பொழுது சாயும் நேரத்தில் இருவரும் கோரைத்துறையில் போய் இறங்கினார்கள். வீட்டு வாசல்களில் இலைகள் விழத் தொடங்கியிருந்தன. மாறநம்பி ஒவ்வோர் இலையாகக் கோலால் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். பத்தாவது வீட்டில் சாத்தப்பன் நின்றுவிட்டான். அவன் அண்ணன் வீடு. அண்ணன் மனைவி அங்கம்மா சோற்றுப் பானையோடு நின்றாள். அண்ணனுக்கு ஓர் இலை, அவளுக்கு ஒன்று. ஆற்றைப் பார்த்தபடி இன்னும் ஒன்று.

"முப்பத்தெட்டு" என்று அந்த மூன்றாவது இலையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார் மாறநம்பி.

"மதினி, இது யாருக்கு?"

அங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கவில்லை, கோபம்தான் வந்தது.

"யாருக்கா? உமக்குத்தான்வே! உசுரோட இருக்கேன்னு ஒரு சொல்லு சொல்லி விட்டீரா? உங்க அண்ணன் தெனமும் அந்த எலையப் பாத்துட்டுத்தான் சோத்துல கை வைப்பாரு. வந்ததுதான் வந்தீரு, உக்காந்து தின்னும்!"

அவன் இலைமுன் உட்கார்ந்து குனிந்தான். அயிரைக் குழம்பின் வாசனை வந்தது.

"எண்ணுகிறவன் எண்ணிய இலையில் கை வைப்பதா? எழுந்திருங்கள்!" என்று மாறநம்பி கோலை நீட்டினார்.

சாத்தப்பன் எழுந்து அவர் பின்னால் நடந்தான். கடைசி வீடு முடிந்து திரும்பியபோது, அவன் இலைச் சோற்றை அங்கம்மா ஆற்றில் போட்டுவிட்டிருந்தாள். மீன்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. மாறநம்பி அவசரப்படுத்தினார். தோணி கிளம்பிவிட்டது.

அரசவையில் மாறநம்பிக்கு முகமெல்லாம் வியர்வை.

"இலைகள் நூற்றேழு, அரசே. ஆனால் உண்டவர்கள் அறுபத்தொரு பேர்தான்! மற்றவர்கள் ஊரிலேயே இல்லை. இது மோசடி!"

"ஆணையை எழுதியவர் தாங்கள். இலைகளை எண்ணியவரும் தாங்கள்" என்றான் சாத்தப்பன்.

"ஊரில் இல்லாதவன் எப்படி அந்த ஊர்க்காரன் ஆவான்?" என்று அரசரே கேட்டார்.

"சென்ற ஆண்டு தாங்கள் ஆறு மாதம் போர்முனையில் இருந்தீர்கள், அரசே. இந்த நாட்டுக்கு அரசர் இல்லை என்று பெருங்கணக்கர் அடித்துவிட்டாரா?"

அரசர் முதலில் மாறநம்பியைப் பார்த்தார். பிறகு கிரீடம் சரியும்வரை சிரித்தார். "கோரைத்துறை ஏட்டில் இருக்கட்டும்! உனக்கு என்ன வேண்டும், கேள். பொன்னா, பட்டா?"

"ஒரு வேளைச் சோறு, அரசே. என் இலையில்."

"நீ போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? திரும்பி வருவாய் என்று எதை வைத்து நம்புவது?"

"எனக்கு இங்கேயும் ஓர் இலை போட்டு வையுங்கள்."

அரசர் மறுபடி சிரித்தார். இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றது. "பத்து நாள்" என்றார். தம் சமையல்காரரை அழைத்து, இலை எங்கே விழவேண்டும் என்று தாமே இடத்தைக் காட்டினார்.

அன்று சாத்தப்பன் எழுதியது:

நாளை: விடிந்ததும் முதல் தோணியைப் பிடிக்க வேண்டும். அங்கம்மா மதினி சோற்றை ஆற்றில் போடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.