விடங்கன் கட்டிய சந்தை மண்டபம்

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே. கடல் இன்றைக்கு இருக்கும் இடத்துக்கு அரைக் காதம் தள்ளி இருந்த காலத்தில், வெண்சங்குத்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அதை ஓர் அரசன் ஆண்டான். நல்லவன்தான். தன் பேர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவனுக்குக் கொஞ்சம் அதிகம்.

அவனிடம் விடங்கன் என்ற பெருந்தச்சன் இருந்தான். கோயிலோ, கோட்டையோ, குளத்துப் படித்துறையோ, அந்த நாட்டில் எது எழும்பினாலும் அவன் கைபட்டுத்தான் எழும்பும்.

ஒருநாள் அரசன் அவனை அழைத்தான். "சந்தைக்கு ஒரு மண்டபம் கட்டு. நடுவில் தூணே இருக்கக் கூடாது. வாசலில் நின்றால் கடைசிக் கடையும் கண்ணில் பட வேண்டும். இப்படி ஒன்று எந்த நாட்டிலும் இல்லை என்று கப்பல்காரர்கள் போய்ச் சொல்ல வேண்டும்" என்றான்.

நடுவில் நான்கு தூணாவது வேண்டும் என்று விடங்கனின் மனம் சொன்னது. ஆனால் 'எந்த நாட்டிலும் இல்லை' என்ற சொல் அவன் காதிலும் தேனாக இனித்தது. வாய் திறக்கவில்லை. மலையிலிருந்து நீண்ட தேக்கு உத்தரங்களைக் கொண்டுவந்து ஏற்றினான். அவற்றின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்டுத் தளம் போட்டான். தை மாதம் மண்டபம் திறந்தது. ஊரே வாயைப் பிளந்தது. அரசன் அவன் கையில் பொற்காப்பு பூட்டினான்.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. மழை விட்டதும் விடங்கன் மண்டபத்துக்குப் போய் நிமிர்ந்து பார்த்தான். நடு உத்தரம் சற்று இறங்கியதுபோல் பட்டது. ஏணி வைத்து ஏறி, முனைக்கு முனை நூல் பிடித்தான். ஒரு விரற்கடை தொய்வு.

ஆனியில் ஒரு மழை. மறுபடி ஏறி நூல் பிடித்தான். இரண்டு விரற்கடை.

ஆவணியில் ஒரு மழை. மூன்று விரற்கடை. பத்து நாள் வெயில் காய்ந்தும் உத்தரம் மேலேறவில்லை.

தளம் தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது, ஐப்பசி அடைமழையை அந்த மரம் தாங்காது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியாது.

அன்று அவன் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். "என்ன ஆயிற்று உங்களுக்கு?" என்று மனைவி உமையாள் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் எழுந்து உப்புப் பானையைத் திறந்து பார்த்தாள். பிறகு, "வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது. நான் மண்டபத்துக்குத்தான் போக வேண்டும். மழைநாளில் போகலாமா?" என்றாள்.

"போகாதே."

"எனக்குச் சொல்லிவிட்டீர்கள். மற்றவர்களுக்கு யார் சொல்வது?"

விடங்கன் கை கழுவிவிட்டு நேரே அரண்மனைக்கு நடந்தான். பொற்காப்பைக் கழற்றி அரசன் முன் வைத்தான். "மன்னா, மண்டபம் விழும். உடனே மூட வேண்டும். தூண் நிறுத்தினால் ஒருவேளை பிழைக்கும்" என்றான்.

அரசன் முகம் கறுத்தது. "தூண் வேண்டாம் என்றது நான்."

"வேண்டாம் என்றது தாங்கள். ஆகட்டும் என்றது நான். மரத்தின் பலம் தெரிந்தவன் நானல்லவா? பிழை என்னுடையது."

அருகில் நின்ற அமைச்சர் சிரித்தார். "ஐப்பசியில் எட்டுக் கப்பல் வருகிறது. இப்போது மூடினால் நாடு நகைக்கும். மழை போகட்டும் விடங்கா, மெல்லப் பார்த்துக்கொள்ளலாம்."

"அப்படியே ஆகட்டும் ஐயா. நடு உத்தரத்தின் கீழ் உங்களுக்கு ஓர் ஆசனம் போடுகிறேன். அடைமழை முடியும்வரை அங்கிருந்தே சந்தையை நடத்துங்கள். நானும் உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன்."

அமைச்சரின் சிரிப்பு நின்றது. அரசன் அவரைப் பார்த்தான், விடங்கனைப் பார்த்தான், தரையில் கிடந்த காப்பைப் பார்த்தான்.

"மண்டபத்தை மூடுங்கள்" என்றான்.

மூடியதும் ஊர் விடங்கன்மேல் பாய்ந்தது. கடலி என்ற மீன்காரி, இடுப்பில் பிள்ளையோடு வந்து அவனை வழிமறித்தாள். "நிற்கிற மண்டபத்தை விழும் என்கிறாயே, உனக்குப் பித்தா? ஐப்பசிச் சந்தையை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது!"

விடங்கன் தன் ஆட்களோடு மேட்டு நிலத்தில் பனையோலை வேய்ந்து ஒவ்வொரு கடைக்கும் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தான். மற்ற நேரமெல்லாம் மண்டபத்தில் தூண் நிறுத்தினான். எச்சில் துப்பியவர்கள் உண்டு. பட்டப்பேர் வைத்தவர்கள் உண்டு. அவன் உடம்பு இளைத்தது.

நான்கில் இரண்டு தூண்தான் நின்றிருந்தது. ஐப்பசி ஏழாம் நாள் வானம் இருண்டது. விடங்கன் வேலையாட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாக வந்தான். மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் காலை, நடு உத்தரம் முறிந்து பாதித் தளம் கீழே வந்தது. அந்த ஓசையில் துறையிலிருந்த கப்பல்காரர்கள்கூட ஓடி வந்தார்கள்.

உள்ளே ஒரு பூனைகூட இல்லை.

கடலி வந்து இடிபாட்டைப் பார்த்தாள். பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். "என் கடை அதோ, அந்தக் கல்லுக்குக் கீழே" என்றாள். விடங்கனும் அந்த இடத்தைப் பார்த்தபடி நின்றான்.

மறு வருஷம் பக்கத்து நாட்டு அரசி, வழிப்போக்கர்களுக்கு ஒரு சத்திரம் கட்ட எண்ணினாள். பல தச்சர்களின் பேரைச் சொன்னார்கள். விடங்கன்தான் வேண்டும் என்றாள் அவள்.

"தாயே, அவன் கட்டிய மண்டபம் இடிந்தது" என்றார்கள் அவையோர்.

"தெரியும். இடியும் என்று முதலில் சொன்னது யார்?" என்றாள் அரசி.

விடங்கனுக்கு ஆள் போயிற்று.

ஆகவே, பிறர் தலைக்குமேல் கூரை போடுகிறவன் தன் பேரைவிட அந்தத் தலைகளையே பெரிதென்று எண்ண வேண்டும்.