ஏழு கையெழுத்து

சொல்லவே நா கூசுகிறது. ஏழு நாடுகள் சேர்ந்து நடத்திய புயல் எச்சரிக்கை அலுவலகம் எங்களுடையது. நான் உட்பட ஏழு நாட்டு அதிகாரிகளும் கையெழுத்துப் போட்டால்தான் எச்சரிக்கை வெளியே போகும்.

ஒருநாள் தலைவர், பியூன் இன்னாசியைக் கூப்பிட்டார்.

"சாயங்காலம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வர்றாங்க. போன புயல்ல நம்மளால பிழைச்ச ஒருத்தனையாவது கொண்டாந்து நிறுத்து. இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

"ஒருத்தன் என்னங்கய்யா, நாப்பது பேரைக் கூட்டியாறேன்."

சொன்னபடியே நாற்பது மீனவர்கள் வந்து நின்றார்கள். தலைவருக்கு வாயெல்லாம் பல்.

"எச்சரிக்கை உங்களுக்கு எப்படி வந்தது?" என்று ஆய்வு அதிகாரி கேட்டார்.

"இன்னாசி அண்ணன்தான் ஓடியாந்து கோயில் மணிய அடிச்சாரு. வள்ளத்துல ஏறினவங்க எல்லாம் இறங்கிட்டோம்."

"அப்படியென்றால் அலுவலகத்தின் எச்சரிக்கை?"

இன்னாசி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"அதுல மூணு கையெழுத்து விழுறதுக்குள்ள புயலே கரையைக் கடந்திருச்சுங்கய்யா. இது, உத்தரவில்லாம மணியடிச்சேன்னு எனக்குக் குடுத்த மெமோ. இதுல ஏழும் இருக்கு. ஒரே நாள்ல விழுந்துச்சு."

அதிகாரி ஒவ்வொரு பெயராக வாசித்தார். எச்சரிக்கையில் இல்லாத என் கையெழுத்து, மெமோவில் முதலாவதாக இருந்தது.