எனக்கு ஒரு டவுட்

நைனா முகமது பதினெட்டு வருஷம் கண்புரை ஆபரேஷன் செய்த டாக்டர். குழந்தைகளின் கண்ணில் வரும் புற்றுநோய்க்கு வைத்தியம் கற்க, தன்னைவிடப் பத்து வயது இளையவரான டாக்டர் மங்கையர்க்கரசியிடம் மதுரைக்கு வந்து சேர்ந்திருந்தார். சொந்த ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வியாழக்கிழமைதோறும் நாலு மணிக்கு ஆறு நாட்டு டாக்டர்கள் ஆலோசனைக்காகத் திரையில் கூடும்போது மட்டும் வாயில் கொழுக்கட்டை.

அன்றைக்குப் பேசியது மூன்று வயது செம்மலரைப் பற்றி. இடது கண்ணில் கட்டி. மருந்து ஏற்றியும் அந்தக் கண்ணில் பார்வை இல்லை, திங்கட்கிழமை கண்ணையே எடுத்துவிடலாம் என்று எல்லோரும் ஒரே முடிவாகச் சொன்னார்கள்.

நைனா முகமது நாற்காலியில் நெளிந்தார்.

"என்ன சார்?" என்றார் மங்கையர்க்கரசி.

"ஒண்ணு கேக்கணும் மேடம். இவ்வளவு பெரியவங்க இருக்கற இடத்துல நான் போய் என்னத்தக் கேக்கறது?"

மங்கையர்க்கரசி கையை நீட்டி மைக்கைத் திறந்துவிட்டார்.

ஆறு நாடும் இவரையே பார்த்தது. பாவம், மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டியது. கேள்வி கேட்குமுன் நம்மூரில் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்: "ஐ ஹேவ் எ டவுட்." அப்புறம், பார்வை இல்லை என்று சோதித்தது எந்தத் தேதியில் என்று கேட்டார்.

உருகுவே நாட்டு டாக்டர் ரொசாரியோ கண்ணாடியைக் கழற்றினார். "தேதி இருக்கட்டும். எங்கள் முடிவில் உங்களுக்குச் சந்தேகமா? அப்படியானால் திங்கட்கிழமை கண்ணை எடுக்க வேண்டாம். நாளைக்கே மயக்கம் கொடுத்து மறுபடி சோதித்துப் படம் அனுப்புங்கள்."

திரை அணைந்தது.

"மானம் போச்சு மேடம். நான் சும்மா கேள்விதான் கேட்டேன். டவுட்னா சந்தேகப்படறேன்னு எடுத்துக்கிட்டாங்க. நாள் தள்ளிப் போய் கட்டி பரவிட்டா புள்ள உசுருக்கே ஆபத்து. தப்பாச் சொல்லிட்டேன்னு மெயில் போட்டுரவா?"

"போடலாம். எதுக்காக அதைக் கேட்டீங்க?"

"நேத்து விளையாட்டா அவளோட நல்ல கண்ணைக் கையால மூடினேன். என் பையில இருந்த பேனாவ வெடுக்குனு உருவிட்டா."

"தடவிப் பாத்து எடுத்தாளா?"

"இல்ல. கை நேரா வந்துச்சு."

மங்கையர்க்கரசி மறுநாளுக்கான ஆபரேஷன் தியேட்டர் பட்டியலில் செம்மலரின் பெயரை முதலில் எழுதினார்.

"அந்தக் கண்ணுல பார்வை இல்லைன்னு நீங்க நம்பறீங்களா சார்?"

நைனா முகமது பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார்.

"இல்ல மேடம், நம்பல."

"அப்ப உங்க இங்கிலீஷ் சரிதான்."