குரல் மறந்த புல்வெளி

ஒரு காட்டில் சத்தம் இருந்தவரைக்கும் யாருக்கும் பெரிய பயம் இருந்ததில்லை. காட்டின் நடுவே ஒரு புல்வெளி. கீழே புள்ளிமான்கள் மேய்ந்தன, மேலே மரங்களில் மந்திகள் வாழ்ந்தன. மந்திகளுக்குக் கண் கூர்மை, மான்களுக்கு மூக்கு கூர்மை. பல்லும் நகமும் உள்ள எது வந்தாலும் முதலில் அறிந்தவர் குரல் கொடுக்க வேண்டும். "கூவ்!" என்று ஒரு மான் கத்தினால் போதும், மரமெல்லாம் "கக்! கக்!" என்று அதிரும். அப்புறம் அங்கே ஒரு குளம்பைக்கூடப் பார்க்க முடியாது.

குழந்தைகளே, அந்தப் பிராணிகளிடம் இருந்த ஆயுதம் அது ஒன்றுதான்.

புல்வெளிக்கு வடக்கே ஒரு புலி இருந்தது. தெற்கே செந்நாய்க் கூட்டம் இருந்தது. இரண்டுக்கும் ஆகவே ஆகாது. புல்வெளி யார் கைக்கு வருகிறதோ அவர்தான் காட்டுக்குப் பெரியவர் என்று இரண்டு தரப்பும் நினைத்துக்கொண்டிருந்தன.

ஒருநாள் சாயங்காலம் உயரமான புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. உருவம் தெரியவில்லை. வாடையை வைத்துப் புலி என்று மான்கள் தெரிந்துகொண்டன.

"ஓடாதீர்கள். செந்நாய்கள் பெருகிவிட்டன. இந்தப் புல்வெளியை அவை பிடித்தால் நாளைக்கு என் குகை வாசலுக்கே வந்துவிடும். அதனால் இனி உங்களுக்கு நான் காவல்."

மான்களின் தலைவன் வளைகொம்பன். தன்னைப் போலச் சாமர்த்தியசாலி யாருமில்லை என்பது அவன் எண்ணம். "அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும், ஐயா?" என்று கேட்டான்.

"பெரிதாக ஒன்றுமில்லை. நான் வரும்போதெல்லாம் கத்துகிறீர்கள். நான் இருக்கும் இடம் செந்நாய்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கு மட்டும் குரல் கொடுக்காதீர்கள்."

கொன்றை என்ற பெண்மான் நிறைமாத வயிற்றோடு நின்றிருந்தாள். எதையும் மோந்து பார்த்துத்தான் நம்புவாள். "அண்ணா, காவலுக்கு வந்தவருக்கே ஒருநாள் பசித்தால்?" என்று மெல்லக் கேட்டாள்.

"சருகு அசைந்தாலும் உனக்குப் பயம்தான்!" என்று வளைகொம்பன் சிரித்தான். கூட்டமும் சிரித்தது. கொன்றை வாயை மூடிக்கொண்டாள்.

வளைகொம்பன் அதோடு விடவில்லை. மறுநாள் தெற்கே போய்ச் செந்நாய்களிடமும் பேசினான். "புலியிடமிருந்து உங்களை நாங்கள் காப்போம். எங்களைப் பார்த்தும் கத்தாதீர்கள்" என்றன அவை. சரி என்று தலையாட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினான்.

"புலி மிரட்டினால் செந்நாய் இருக்கிறது. செந்நாய் மிரட்டினால் புலி இருக்கிறது. இரண்டு பேரும் நம் நண்பர்கள். எப்படி என் வேலை?"

அன்றிலிருந்து புல்வெளியில் குரல் எழவில்லை. முதலில் அது சுகமாகத்தான் இருந்தது. வாடை வரும்போது மட்டும் தொண்டை அரிக்கும். மான்கள் எச்சிலை விழுங்கிக்கொண்டு மேய்ந்தன. மந்திகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கிளைகளில் உட்கார்ந்திருந்தன. பறவைகள் ஏனோ அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டன. அந்த அமைதியில்தான் கொன்றைக்கு மின்னி பிறந்தது. தாயின் மூச்சுச் சத்தமும் புல் மெல்லும் சத்தமும் தவிர அந்தக் குட்டி வேறொன்றும் கேட்டு வளரவில்லை.

பிறகு சில காலைகளில் புல் ஒரு இடத்தில் மட்டும் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் மேய்ந்த மான் இருக்காது.

"ஆற்றுப் பக்கம் மேயப் போயிருக்கும்" என்பான் வளைகொம்பன். "நண்பர்களைச் சந்தேகப்படலாமா?"

மிச்சமிருந்தவர்கள் இன்னும் நெருக்கமாக நின்று மேய்ந்தார்கள்.

மருதி என்ற மானும் காணாமல் போனபோது கொன்றைக்குப் பொறுக்கவில்லை. மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள்.

"மந்தி அக்கா, உன் கண்ணுக்குத் தப்பி இங்கே ஒன்றும் நடக்காது. மருதி போனதை நீ பார்க்கவில்லையா?"

"பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்."

"பிறகு ஏன் குரல் கொடுக்கவில்லை?"

மந்தி கண்ணைக் கொட்டியது. "வந்தவர் நம் நண்பர் அல்லவா?"

"எந்த நண்பர்?"

"எவராக இருந்தால் என்ன? இரண்டு பேருக்குமே கத்தக் கூடாது என்று உங்கள் தலைவர்தானே சொன்னார்?"

ஒப்பந்தம் போனால் போகட்டும், என் குட்டி பிழைக்க வேண்டும், இனி வாடை வந்தால் கத்தியே தீருவேன் என்று கொன்றை முடிவு செய்தாள்.

மறுநாள் காலை பனி கவிந்திருந்தது. சற்றுத் தள்ளி மின்னி மேய்ந்துகொண்டிருந்தது. அதன் காதுகள் மட்டும் தெரிந்தன. வடக்கிலிருந்து புலி வாடை வந்தது. காற்று திரும்பியதும் தெற்கிலிருந்து செந்நாய் வாடையும் வந்தது. இரண்டும் மிக அருகில் இருந்தன, ஆனால் ஒரு உறுமல்கூடக் கேட்கவில்லை. ஜென்மப் பகைவர்கள் சண்டை போடாமல் புல்வெளியின் இரண்டு ஓரங்களிலும் காத்திருந்தார்கள்.

கொன்றை வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. பழக்கம் விட்டுப்போன தொண்டை அடைத்துக்கொண்டது. உயிரைக் கொடுத்து மறுபடியும் முயன்றாள்.

"கூவ்!"

பெரிய மான்களின் கால்கள் தாமாகவே துள்ளின. முதலில் ஓடியது வளைகொம்பன்தான். மரத்தில் மந்திகளும் தம்மை மறந்து "கக்! கக்!" என்று கத்தின. கண்மூடித் திறப்பதற்குள் புல்வெளி காலியானது.

குட்டியை விட்டு ஓட மனமில்லாமல் கொன்றை திரும்பிப் பார்த்தாள். மின்னி நின்ற இடத்திலேயே நின்றது. காதை நிமிர்த்திக்கொண்டு ஆசையாகக் கேட்டது:

"அம்மா, அது என்ன சத்தம்?"

கொன்றை பதில் சொல்லுமுன் மின்னி நின்ற பக்கத்துப் புல் ஒருமுறை அசைந்து அடங்கியது.

நீதி: வலியவரோடு நட்புக் கொள்ளலாம், ஆனால் அதற்காக எச்சரிக்கைக் குரலை விட்டுக்கொடுத்தால், ஆபத்தின் பெயர்கூடத் தெரியாமல் நம் பிள்ளைகள் வளர்வார்கள்.